மவுசரா, நாகன்டா, வெல்ராடா? பழைய கைத்துப்பாக்கியைக் கேம் கேரக்டர் ஆக்கும்போது எதை எடுப்பது

நாலைந்து பேர் சேர்ந்து மொபைலுக்கு ஒரு டர்ன் முறை கேம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முக்கிய கேரக்டர் ஒரு பழைய ராணுவக் கைத்துப்பாக்கியின் மனித வடிவம். எந்தத் துப்பாக்கியை எடுப்பது? பெரும்பாலான குழுக்களில் இந்தப் பேச்சு ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் எம்1911 என்பார், இன்னொருவர் லூகர் என்பார். யாருக்குப் படம் வரைய வருமோ அவர் சொன்னது நிற்கும். அப்புறம் ஆறு மாதம் கழித்து அந்தக் கேரக்டருக்கு ஸ்கில் எழுத உட்காரும்போதுதான் தெரியும், தொப்பியையும் கோட்டையும் கழற்றிவிட்டால் அதற்கும் பக்கத்துக் கேரக்டருக்கும் வித்தியாசமே இல்லை என்று.

இந்த வகையில் எல்லோரும் முன்மாதிரியாகப் பார்ப்பது கேர்ள்ஸ் ஃப்ரண்ட்லைன். சீனாவின் மைக்கா டீம் செய்து 2016 மே மாதம் அங்கே வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பு 2018-இல் வந்தது. அதில் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு பெண் ஆண்ட்ராய்டு. கைத்துப்பாக்கிகளுக்கு அந்த கேமில் கொடுத்திருக்கும் வேலை புத்திசாலித்தனமானது. நிஜத்தில் கைத்துப்பாக்கி படைவீரனின் துணை ஆயுதம்தானே, ரைஃபிளோடு போட்டி போட முடியாது. அதனால் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் அவை சுற்றி நிற்பவர்களின் திறனைக் கூட்டுகின்றன. மற்ற வகைத் துப்பாக்கிகள் குறிப்பிட்ட வகைக்கு மட்டும் உதவும். கைத்துப்பாக்கி எல்லா வகைக்கும் உதவும். இரவு வரைபடங்களில் இருட்டைத் திறந்து எதிரி எங்கே என்று காட்டுவதும் அவைதான்.

வகை என்று பார்த்தால் அருமை. ஆனால் தனித்தனிக் கேரக்டராகப் பார்த்தால் ஒரு குறை தெரியும். அதில் எம்1911-க்குக் கிடைத்த ஸ்கில் புகைக் குண்டு. மவுசர் சி96-க்குக் கிடைத்தது வெளிச்சக் குண்டு. இரண்டும் அந்தத் துப்பாக்கிகளின் உடம்பிலிருந்து வந்தவை அல்ல. பெயரை மாற்றிப் போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நூற்றுக்கணக்கான கேரக்டர்கள் உள்ள கேமுக்கு இது தவிர்க்க முடியாதது. உங்களிடம் இருக்கப்போவது பத்துக்கும் குறைவு. எனவே நான் வைக்கும் அளவுகோல் புகழ் அல்ல: அந்தத் துப்பாக்கியின் இயந்திரத்தில் உள்ள ஏதாவது ஒரு கிறுக்குத்தனம், அப்படியே கேமின் விதியாக மாறுமா? உருவம், வரலாற்றுச் சுமை, பெயர் உரிமை எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் எம்1911-ஐ முடித்துவிடலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றது, 1985-இல் பெரெட்டா வரும்வரை அதுவே அவர்களின் கைத்துப்பாக்கி. பிலிப்பைன்ஸில் மோரோக்கள் என்ற உள்ளூர் முஸ்லிம் மக்களுடன் நடந்த சண்டையில் .38 ரிவால்வரின் குண்டு பட்டும் ஆள் நிற்காமல் வந்ததால் .45 வேண்டும் என்று முடிவானது. ஏற்பதற்கு முன் நடந்த சோதனையில் 6,000 தோட்டா சுட்டும் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. இதுதான் சிக்கல். குறையே இல்லாத, எதிர்பார்த்தபடி வேலை செய்யும் துப்பாக்கியிலிருந்து என்ன விதி எடுப்பது? சுடும் கணத்தில் குழலின் பின்வாயை அடைத்துப் பிடிக்கும் அதன் பூட்டு முறையைத்தான் இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன; அதனால் அது பிஸ்டல் என்ற இனத்தின் சராசரி முகம் போல ஆகிவிட்டது. பப்ஜி ஆடியவர்கள் பி1911 என்று அதைத் தரையில் பார்த்ததும் தாண்டிப் போயிருப்பார்கள். கூடவே இதைச் செய்து விற்ற கோல்ட் நிறுவனம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021-இல் செக் நாட்டு நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. பெயரைப் போட்டு விற்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேச வேண்டியிருக்கும்.

தமிழ்க் குழு என்றால் இங்கே ஒரு ஆசை வரலாம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரவுனிங்தான். அதே வடிவமைப்பாளர், அதே வருடம். உண்மையான தொடர்புதான். ஆனால் அந்தக் கதையை எடுத்தால் துப்பாக்கி பின்னால் போய்விடும், வாஞ்சி முன்னால் வந்துவிடுவார். அது வேறு கேம். செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. துப்பாக்கியே ஆளாக நிற்கும் கேமுக்கு அது ஒத்துவராது.

லூகர் பி08-ஐ அதைவிடச் சீக்கிரம் ஒதுக்கலாம். முழங்கால் மாதிரி மேலே மடங்கி எழும் அதன் பூட்டு பார்க்க அவ்வளவு அழகு, அனிமேஷன் செய்பவருக்கு விருந்து. ஆனால் 1908-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற அந்தத் துப்பாக்கியைப் பார்த்ததும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நாஜி அதிகாரி. முதல் உலகப்போர் முழுக்க இருந்தது, சுவிட்சர்லாந்து ஜெர்மனிக்கு முன்பே 1900-இல் எடுத்துக்கொண்டது என்றெல்லாம் நீங்கள் விளக்கலாம், கேட்க ஆள் இருக்காது. வில்லனாக வைத்தால் சலித்த வில்லன், நாயகியாக வைத்தால் தினம் ஒரு சண்டை.

இனி சி96. இது நின்று பேச வேண்டிய ஆள்.

ஒபர்ன்டார்ஃபில் மவுசர் தொழிற்சாலையில் வேலை செய்த ஃபீடர்லே சகோதரர்கள் 1895 வாக்கில் உருவாக்கியது. 1896 முதல் 1937 வரை மவுசர் பத்து லட்சத்துக்கு மேல் செய்தது. உருவத்தில் இதை அடிக்க ஆளில்லை. ட்ரிகருக்கு முன்னால் சதுரமான தோட்டாப் பெட்டி, மெலிந்து உருண்ட கைப்பிடி, நீண்ட குழல். கட்டைவிரல் அகலத்துக்கு ஐகான் போட்டாலும் கறுப்பு நிழலிலேயே அடையாளம் தெரியும். விண்வெளிப் படங்களில் வரும் மிகப் பிரபலமான கதிர்த்துப்பாக்கி ஒன்று இதன் மேல்தான் கட்டப்பட்டது என்பதில் ஆச்சரியமே இல்லை.

விதிக்கும் இதில் சரக்கு இருக்கிறது. அதன் மர உறையை எடுத்துக் கைப்பிடியின் பின்னால் மாட்டினால் அதுவே தோள்கட்டை ஆகிவிடும். பிஸ்டல் சின்ன ரைஃபிள் ஆகிவிடும். ஆக, ஒரு டர்ன் செலவழித்து மாட்டினால் தூரமும் குறியும் கூடும், நகர்வு குறையும். ரெசிடென்ட் ஈவில் 4-இல் ரெட்9 என்ற பெயரில் வரும் துப்பாக்கி இதுதான். கட்டை மாட்டினால் கை ஆட்டம் குறையும் என்று 2005-இலேயே அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள். அந்தப் பெயரும் சும்மா வந்ததல்ல. முதல் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் 9 மி.மீ. தோட்டாவுக்கு 1,50,000 சி96 கேட்டது. சிப்பாய்கள் பழைய 7.63 தோட்டாவைத் தவறிப் போட்டுவிடக் கூடாது என்று கைப்பிடி மரத்தில் 9 என்று செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசினார்கள். கேரக்டரின் உடையில் எங்கே ஒரு சிவப்பு 9 வைப்பது என்று ஓவியர் யோசிக்க ஆரம்பித்திருப்பார். அடுத்து, பத்துத் தோட்டாவை ஒரு தகட்டில் கோத்து மேலிருந்து ஒரே அழுத்தாக உள்ளே தள்ள வேண்டும். பாதியில் நிரப்புவது தொல்லை. "காலியானால்தான் ரீலோடு, ஆனால் ஒரே டர்னில் முழுசாக" என்ற விதி தானாக வந்து விழுகிறது.

வரலாறு என்று பார்த்தால் சி96-க்குக் கதை அதிகம் என்பதே பிரச்சினை. சர்ச்சில் 1896-இல் பம்பாயில் சசூன் கப்பல்துறையில் இறங்கும்போது தோள்பட்டை விலகியது. அதனால் 1898-இல் சூடானின் ஓம்துர்மானில் நடந்த குதிரைப்படைப் பாய்ச்சலில் வாளுக்குப் பதில் மவுசரைப் பிடித்தார். அதே துப்பாக்கி சீனாவில் போர்த்தலைவர்களின் அடையாளமாகவே ஆனது. ஷான்சியை ஆண்ட யென் ஷிஷான் தன் தாய்யுவான் தொழிற்சாலையில் .45 தோட்டாவுக்கு ஏற்றபடி அதைப் பெருக்கிச் செய்யவைத்தார். கல்கத்தாவில் 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா என்ற ஆயுத வணிக நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர்களும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர்களின் மாட்டு வண்டியில் ஏறிப் போயின. அடுத்த வருடம் செப்டம்பரில் ஒடிசாவின் பாலாசோர் அருகே வங்காளப் புரட்சியாளர் பாகா ஜதின் போலீஸோடு மோதியதும் அந்தப் பிஸ்டல்களால்தான்.

ஏகாதிபத்திய அதிகாரி, சீனப் போர்த்தலைவன், வங்காளப் புரட்சியாளன். மூவர் கையிலும் ஒரே துப்பாக்கி. இதை ஒரு கேரக்டராக்கினால் அவள் யார் பக்கம்? கதை எழுதுபவர் திறமைசாலி என்றால் அந்தக் கேள்வியே கேமின் நடு எலும்பு ஆகும்: கூலிக்கு யாரோடும் போகிறவள், அதைப் பற்றி வெட்கமும் இல்லாதவள். திறமை கொஞ்சம் குறைந்தால் எல்லாவற்றையும் ஒரு வசனத்தில் திணித்து விக்கிப்பீடியா பேசுகிற மாதிரி ஆகிவிடும். சின்னக் குழுவுக்கு நான் இதைத் தயங்கித்தான் சொல்வேன். இன்னொன்று, ஜெர்மன் ராணுவம் சி96-ஐத் தன் முதன்மைக் கைத்துப்பாக்கியாக எப்போதும் ஏற்கவில்லை. எங்கும் இருந்தும் எந்த வீட்டிலும் சேர்க்கப்படாதவள் என்று எழுதலாம், நன்றாகவே இருக்கும்.

வெல்ராடுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ரகசிய நடவடிக்கைப் பிரிவான எஸ்ஓஇ, ஹார்ட்ஃபர்ட்ஷயரில் வெல்வின் பக்கத்தில் ஃப்ரைத் என்ற மாளிகையில் வைத்திருந்த கூடத்தில் பிறந்தது. பார்த்தால் துப்பாக்கி என்று சொல்ல முடியாது, ஒரு இரும்புக் குழாய். கைப்பிடியே மேகஸின், அதாவது தோட்டாப் பெட்டி. அதைக் கழற்றிவிட்டால் சைக்கிள் பம்ப் என்று சொல்லிக் கடந்து போகலாம். செய்த இடத்தின் முத்திரை கிடையாது. குழல் முழுக்க சைலன்சர். அதன் உள்ளே ரப்பர் வளையங்கள். குண்டு அவற்றைத் துளைத்துக்கொண்டு போகும்போது வாயு பின்னால் சிக்கிக்கொள்ளும், சத்தம் அடங்கும். ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் பின்னால் உள்ள குமிழைத் திருகி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். தானாக இயங்கும் பாகம் இருந்தால் அதன் உலோகச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வேண்டுமென்றே அப்படி.

விதிக்கு இதைவிடச் சுத்தமான பொருள் கிடைக்காது. ரப்பர் ஒவ்வொரு சுடலிலும் தேயும். பத்துப் பதினைந்து தோட்டாவுக்குப் பிறகு மாற்ற வேண்டும். ஆக, முதல் குண்டு பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் காவலனுக்குக்கூடக் கேட்காது. ஐந்தாவது இரண்டு கட்டம் தாண்டிக் கேட்கும். பத்தாவது தெருவையே எழுப்பும். ஆடுபவர் குண்டை எண்ண மாட்டார், மௌனத்தை எண்ணுவார். சுட்ட பிறகு அடுத்த டர்ன் வெறும் கையாக நிற்க வேண்டும். மேகஸினைக் கழற்றிச் சோதனைச் சாவடியைக் கடக்கலாம், ஆனால் அந்தப் பக்கம் போய் மாட்ட ஒரு டர்ன். மூன்று விதிகளும் நிஜத் துப்பாக்கியிலிருந்தே வந்தவை. ஒன்றைக்கூடக் கற்பனையில் சேர்க்க வேண்டியதில்லை.

கேர்ள்ஸ் ஃப்ரண்ட்லைனில் வெல்ராட் ஐந்து நட்சத்திரக் கேரக்டர், பிரிட்டிஷ் உளவாளியின் மிடுக்கோடு வருவாள். ரசிகர்களும் உண்டு. எனக்கு அங்கே ஒரு உறுத்தல் உண்டு. எம்1911-ஐப் போலப் போர்க்களத்துக்குச் செய்ததல்ல இது. ஆள் அருகில் போய், கிட்டத்தட்ட உடம்பில் வைத்துச் சுடுவதற்கென்றே செய்தது. அதை மிடுக்கான உளவாளி ஆக்கினால் பொருளின் உண்மை பாதி போய்விடுகிறது. நான் எழுதினால் அவளைப் பேச்சே இல்லாத, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஒரு அலுவலகப் பெண்ணாக எழுதுவேன். அழகாக இருக்க மாட்டாள். விற்பனைக்கு அது உதவாது என்பதும் தெரியும். மாதாமாதம் புது உடை விற்றுப் பணம் பார்க்கும் கேமுக்கு வெல்ராட் ஒத்துவராது, உருவத்திலும் எடுப்பாக இல்லை. ஒரே முறை காசு கொடுத்து வாங்கும், பதுங்கி ஆடும் கேம் என்றால் இதைத் தாண்டி வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

இன்னொன்றை இந்தப் பட்டியலில் பலர் வைக்க மாட்டார்கள்: லிபரேட்டர் எஃப்பி-45. 1942-இல் அமெரிக்காவில், கார் விளக்கு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தகட்டை அடித்துச் செய்தார்கள். பதினொரு வாரத்தில் பத்து லட்சம். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு ஏழு நொடிகூட ஆகவில்லை; அதில் மறுபடி தோட்டா போட அதைவிட நேரம் ஆகும். ஒரே குண்டு. குழலுக்குள் முறுக்கு வெட்டு கிடையாது, ஏழெட்டு மீட்டரைத் தாண்டினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சுட்ட பிறகு காலித் தோட்டாவைத் தள்ள ஒரு மரக்குச்சி, மெழுகு பூசிய அட்டைப்பெட்டி, பத்துத் தோட்டா, எழுத்தே இல்லாத படக்கதை வடிவில் ஒரு விளக்கத் தாள். எந்த நாட்டுப் போராளி கையில் விழுந்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக எழுத்தை விட்டுவிட்டார்கள். நோக்கம் போரை வெல்வது அல்ல. ஆக்கிரமித்த படையின் ஒரு சிப்பாயைச் சுட்டு, அவன் துப்பாக்கியை எடுத்துக்கொள்வது.

"ஒரு குண்டு. அதில் எதிரி விழுந்தால் அவன் ஆயுதம் உனக்கு. விழாவிட்டால் ஓடு." ஒரு கேரக்டருக்கு இவ்வளவு தெளிவான விதி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இரண்டாவது டர்னிலேயே அவள் வேறு துப்பாக்கி ஆகிவிடுகிறாள். முக்கிய கேரக்டருக்கு இது தாங்காது. ஒரு அத்தியாயத்துக்கு, அல்லது பயிற்சிக் கட்டத்துக்கு வைத்தால் பிரமாதம். அதுவும் அந்தப் பயிற்சிக் கட்டத்தை எழுத்தே இல்லாமல் படங்களால் மட்டும் நடத்தினால் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம். நிஜத்தில் செய்த பத்து லட்சத்தில் மிகக் கொஞ்சமே போராளிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பிறந்தும் அழைக்கப்படாதவர்களின் கூட்டம் என்று ஒரு கிளைக்கதை அங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

சரி, நாகன்ட் எம்1895. என் ஓட்டு இதற்குத்தான், எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பப்ஜியில் ஆர்1895 என்ற ரிவால்வரை எடுத்து, ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பும்போதே அடிவாங்கிச் செத்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டாம். பெல்ஜியத்தின் லீஜ் நகரைச் சேர்ந்த லியோன் நாகன்ட் வடிவமைத்தது, ரஷ்யா 1895-இல் ஏற்றது, பிறகு தூலாவில் தாங்களே செய்தார்கள். 7 தோட்டா. மோசின்-நாகன்ட் என்ற ரஷ்ய ரைஃபிளின் பெயரில் பிற்பாதியாக வருகிறதே, அதே நாகன்ட்தான்.

இதன் கிறுக்குத்தனம் தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளையில் இருக்கிறது. சாதாரண ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், சுடும்போது வாயு அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும். நாகன்டில் ஹேமரை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை, பின்னால் இழுத்தால் உருளை முழுவதும் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டாவும் இதற்கென்றே செய்தது; குண்டு உறைக்குள் முழுதாகப் புதைந்திருக்கும், உறையின் வாய் குழலுக்குள் கொஞ்சம் நுழைந்து அடைத்துவிடும். வாயு கசிய வழியில்லை. இதனால் கிடைத்த கூடுதல் வேகம் அப்படியொன்றும் பெரிதல்ல. அவ்வளவு சிக்கலான ஏற்பாட்டுக்கு இவ்வளவுதானா என்றுதான் அந்தக் காலத்திலும் கேட்டிருப்பார்கள். ஆனால் யாரும் திட்டமிடாத ஒரு பலன் வந்தது: ரிவால்வருக்கு சைலன்சர் போட்டால் பொதுவாகப் பயனில்லை, சத்தம் அந்த இடைவெளி வழியாக வெளியேறிவிடும். நாகன்டுக்குப் போடலாம். சோவியத்தில் மித்தின் சகோதரர்கள் பிராமித் என்ற சைலன்சரை இதற்காகச் செய்தார்கள். கேமில் இது நடுவில் திறக்கும் ஸ்கில்: ஆரம்பத்தில் வெறும் பழைய ரிவால்வர், கதை பாதி தாண்டியதும் யாரும் எதிர்பாராத ஒரு திறன்.

இந்த முன்னும் பின்னும் நகர்வதற்கு ஒரு விலை உண்டு. ட்ரிகரை மட்டும் அழுத்திச் சுடுவதென்றால் ஹேமரையும் தூக்க வேண்டும், உருளையையும் சுழற்றி முன்னால் தள்ள வேண்டும். ட்ரிகர் கல்லாய்க் கனக்கும், சுமார் 9 கிலோ இழுப்பு. கட்டைவிரலால் ஹேமரை முதலில் இழுத்துவிட்டால் நிதானமாகக் குறி வைக்கலாம். ஆடுபவருக்கு ஒவ்வொரு டர்னிலும் ஒரு தேர்வு: இரண்டு வேகமான, கோணலான குண்டா, ஒரு நேரான குண்டா? டர்ன் முறை கேமுக்கு உயிரே இந்த மாதிரிச் சின்னத் தேர்வுதான். எம்1911-இலும் சி96-இலும் இது கிடைக்காது.

இன்னும் சுவையானது, ஜார் காலத்து ராணுவம் இதை இரண்டு விதமாகச் செய்தது. அதிகாரிகளுக்கு ட்ரிகரை அழுத்தினாலே சுடும் வகை. சாதாரணச் சிப்பாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஹேமரைக் கையால் இழுத்தால்தான் சுடும் வகை. சிப்பாய் தோட்டாவை வீணாக்குவான் என்ற நம்பிக்கையின்மை. ஒரே துப்பாக்கி, பதவிக்கு ஒரு வகை. கேமில் அப்கிரேடு என்பது வழக்கமாக "தாக்குதல் +10" என்று ஒரு எண்ணோடு முடிந்துவிடும். இங்கே சிப்பாய் வகையில் தொடங்கி அதிகாரி வகைக்கு மாறுவதே அப்கிரேடு. அதில் வர்க்கம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, 1917 ரஷ்யப் புரட்சி வருகிறது.

ரீலோடு பற்றிச் சொல்லவே வேண்டாம். வலது பக்கம் சின்னக் கதவைத் திறந்து, கம்பியால் காலி உறையை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இதில் வேடிக்கை, ரஷ்யர்கள் இதற்கு முன் வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கும், எல்லா உறையும் ஒரே நேரத்தில் வெளியே விழும். அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினார்கள். பிறந்த அன்றே பழசாக இருந்த துப்பாக்கி இது. அப்படியும் இதன் இடத்துக்கென்று டோகரேவ் பிஸ்டல் வந்த பிறகும் 1945 வரை செய்துகொண்டே இருந்தார்கள்.

கேர்ள்ஸ் ஃப்ரண்ட்லைன் இதைச் சரியாகப் பிடித்தது. அங்கே நாகன்ட் பார்க்கச் சின்னப் பெண், பேச்சு முழுக்கக் கிழவி. இரண்டே நட்சத்திரம், ஆனாலும் பலர் நினைவில் நிற்கும் கேரக்டர். ஆளுமையைத் துப்பாக்கியின் வயதிலிருந்து எடுத்ததால் வந்த பலன் அது. நீங்கள் செய்யும்போது அந்தக் கிழவிக் குழந்தையை அப்படியே எடுத்துவிடாதீர்கள். பார்த்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வயதைத் தவிர இதில் எடுக்க நிறைய இருக்கிறது. பிடிவாதம், மெதுவாக நிரப்பும் பொறுமை, சிப்பாய் வகையின் மனக்கசப்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். உருவத்தில் நாகன்ட் சி96 பக்கத்தில் நிற்க முடியாது. தெரியாதவர்களுக்கு அது ஏதோ ஒரு ரிவால்வர். ஓவியர் அந்த நீண்டு மெலிந்த குழலையும் பக்கக் கதவையும் உடையில் கொண்டுவர மெனக்கெட வேண்டும். சுமை என்று பார்த்தால் அதுவும் லேசானதல்ல. 1918 ஜூலையில் எகாதெரின்பர்கில் ஜார் குடும்பத்தைக் குழந்தைகளோடு சுட்டுக் கொன்றபோது அந்த அறையில் நாகன்ட்கள் இருந்தன, மவுசரும் கோல்டும் இருந்தன. பிறகு சோவியத் ரகசியப் போலீஸின் இடுப்பிலும் இதே ரிவால்வர். கேரக்டர் கதையில் அதை முழுக்க மறைத்துவிட்டுக் குறும்புக்காரப் பாட்டி என்று மட்டும் காட்டினால் பொய்யாக இருக்கும். ஒரு வரியிலாவது அவளே சொல்ல வேண்டும், விளக்கம் கொடுக்காமல்.

பெயர் விஷயத்தில் இது மற்றவற்றைவிட வசதி. நாகன்ட் நிறுவனம் கார் தயாரிப்புக்குப் போய், 1931-இல் இம்பீரியா என்ற கார் நிறுவனத்துக்குள் கரைந்துவிட்டது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம் 2013-இலேயே துப்பாக்கி நிறுவனங்களோடு உரிம ஒப்பந்தம் போடுவதை நிறுத்துவதாக அறிவித்தது, ஆனால் துப்பாக்கிகளைக் காட்டுவதை நிறுத்தவில்லை. கால் ஆஃப் டூட்டி கேமில் ஹம்வீ என்ற ராணுவ வண்டியைக் காட்டியதற்காகப் போட்ட வழக்கில் 2020-இல் அமெரிக்க நீதிமன்றம் அதை வெளியிட்ட ஆக்டிவிஷன் பக்கம் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனங்களுக்கு வழக்காட வழக்கறிஞர் படையே உண்டு. நான்கு பேர் குழுவுக்கு வழக்கே வராமலிருப்பதுதான் நல்லது. அந்தக் கணக்கில் பழைய பெல்ஜியப் பெயர், உயிரோடிருக்கும் அமெரிக்கப் பெயரைவிடப் பாதுகாப்பு. வெளியிடுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது எப்படியும் வேண்டும்.

ஆக, டர்ன் முறை, சின்னக் குழு, ஐந்தாறு கேரக்டர் என்றால் நாகன்டை நடுவில் வையுங்கள். பதுங்கி ஆடும் கேம் என்றால் வெல்ராட், சந்தேகமே இல்லை. போஸ்டரைப் பார்த்தே ஆட்கள் டவுன்லோடு செய்ய வேண்டிய கேம், கூடவே கதை எழுத ஒரு நல்ல கை இருக்கிறது என்றால் சி96. லிபரேட்டருக்கு முதல் அத்தியாயத்தில் ஒரு இடம் ஒதுக்குங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு மாலை போதும். ஓவியரை இதில் இழுக்க வேண்டாம். காகிதத்தில் கட்டம் போட்டு, காசை வைத்து, நாகன்டின் மூன்று விதிகளையும் வெல்ராடின் மூன்று விதிகளையும் குழுவில் துப்பாக்கி பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஆட விடுங்கள். அவர் எந்தக் காசை மறுபடி எடுக்கிறார் என்று பார்த்த பிறகு ஓவியரிடம் போகலாம்.